ஓயாமல் உழைத்த மாளிகை

பிரபு குடியிருந்தார், அரசாங்கம் முத்திரை குத்தியது, துணி வியாபாரி சரக்கு அடுக்கினார், இன்று கடைகள் நடக்கின்றன. டப்ளின் நகரின் பவர்ஸ்கோர்ட் டவுன்ஹவுஸ் 250 ஆண்டுகளாக இடிபடாமல் நிற்பது எப்படி?

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் ஜனம் அதிகம் புழங்கும் கடைவீதி கிராஃப்டன் தெரு. அதற்கு மேற்கே இரண்டு தெரு தள்ளி இருக்கிறது சவுத் வில்லியம் தெரு. அந்தக் குறுகலான தெருவின் 59ஆம் எண்ணில், அக்கம்பக்கத்துக்குச் சற்றும் பொருந்தாத பருமனில் ஒரு கல் மாளிகை எழுந்து நிற்கிறது. படியேறி உள்ளே போகிறவர்களில் பெரும்பாலோர் காபி குடிக்கவோ, நகை பார்க்கவோ, கல்யாண உடுப்பு வாங்கவோ வருகிறவர்கள். சில அடி நடந்ததும் பலரும் நின்றுவிடுகிறார்கள். கடை தேடி வந்த கண் சுவரிலும் கூரையிலும் சிக்கிக்கொள்கிறது.

இது ஒரு பிரபுவின் நகர வீடாகக் கட்டப்பட்டது. 1771இல் வேலை தொடங்கி 1774இல் முடிந்தது. அதன் பிறகு இந்தக் கட்டடம் நீண்ட காலம் சும்மா கிடந்ததே இல்லை. அதைக் காப்பாற்றியதும் அந்த உழைப்புதான். உலகெங்கும் பழைய வீடுகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களும், அவற்றை இடிக்கத் துடிக்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இங்கே கல்லிலும் சுதையிலும் செங்கல்லிலும் பதிந்திருக்கிறது.

கல்லில் காட்டிய அந்தஸ்து

வீட்டைக் கட்டியவர் ரிச்சர்ட் விங்ஃபீல்ட், பவர்ஸ்கோர்ட் பட்டத்தின் மூன்றாம் விஸ்கவுண்ட். இளம் வயதில் ஐரோப்பா முழுதும் சுற்றிவந்து, பாரிஸ் பாணி உடையிலும் நடையிலும் ஊரை அசத்தியதால் ‘பிரெஞ்சு ஏர்ல்’ என்று பெயர் வாங்கியவர். டப்ளினுக்குத் தெற்கே விக்லோ மலையடிவாரத்தில், என்னிஸ்கெரி ஊருக்கு அருகே, அவர் குடும்பத்துக்குப் பெரிய எஸ்டேட்டும் ரிச்சர்ட் காசில் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்த கிராமத்து மாளிகையும் இருந்தன. அப்படியிருக்க, நகரத்தில் இன்னொரு மாளிகை எதற்கு?

காரணம் அரசியல். அன்று அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் டப்ளினில் இருந்தது. சபை கூடும் மாதங்களில் பிரபுக்கள் தலைநகரில் தங்கினார்கள். விருந்து, நடனம், சீட்டாட்டம், பேரம் எல்லாம் அவர்களின் வீடுகளில்தான் நடந்தன. வீடு எவ்வளவு பெரியதோ, அவ்வளவு செல்வாக்கு. அந்தச் செலவையெல்லாம் தாங்கியது கிராமத்துக் குத்தகைக்காரர்கள் கட்டிய பணம்.

அக்கால டப்ளினில் வசதி படைத்தவர்கள்கூட வரிசையாக ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளில்தான் இருந்தார்கள். வெளியே ஒரே மாதிரியான தட்டையான சுவர். ஆடம்பரம் எல்லாம் உள்ளே. தெருவுக்குக் கல் முகப்பு காட்டி நின்ற மாளிகைகள் சிலவே. பவர்ஸ்கோர்ட் அவற்றில் ஒன்று. அதற்கான கருங்கல் விங்ஃபீல்டின் விக்லோ எஸ்டேட்டிலேயே வெட்டப்பட்டு நகரத்துக்கு வந்தது. தன் மண்ணின் கல்லையே தலைநகரில் நிறுத்தியதில், நிலம் எவ்வளவு இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லாமல் சொன்ன பெருமையும் அடங்கியிருந்தது.

வடிவமைத்தவர் ராபர்ட் மேக், கல்வேலைக்காரர். அவர் கைவண்ணத்தை முகப்பில் பார்க்கலாம். நிலவறைக்கு மேல் மூன்று அடுக்குகள். நடுப்பகுதி சற்று முன்தள்ளி, தலையில் முக்கோண முகடு சூடியிருக்கிறது. வாசலுக்கு நேர் மேலே, நடுவில் வளைவும் இருபுறமும் தாழ்ந்த செவ்வகத் திறப்புகளுமாக ‘வெனிஸ் சாளரம்’. முகட்டுக்கும் மேலே கனமான ஒரு கல் மாடம். அங்கிருந்து டப்ளின் விரிகுடாவைப் பார்க்க முடிந்தது என்று சொல்வதுண்டு. மாளிகையின் இரு பக்கமும் வளைவு வாசல்கள்: ஒன்று சமையல்கட்டுப் பக்கம், மற்றது குதிரை லாயத்துப் பக்கம்.

16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் பல்லாடியோவின் வழியில் வந்த பாணி இது. 1771இல் இது ஏற்கெனவே பழைய பாணி. வில்லியம் சேம்பர்ஸ் வடிவமைத்த சார்ல்மான்ட் மாளிகை 1760களிலேயே அதே நகரில் மெலிதான, அடக்கமான புதிய ரசனையைக் காட்டிவிட்டிருந்தது. மேக் பழையதையே பிடித்துக்கொண்டார். கூடவே இன்னொரு சிக்கல்: இவ்வளவு கனத்த முகப்பைத் தள்ளி நின்று பார்க்கத் தெருவில் இடமில்லை. எதிர் நடைபாதையில் முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றாலும் கழுத்தை நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டும். புகைப்படக்காரர்களுக்கு இன்றும் இது சோதனைதான்.

கையால் ஒன்று, அச்சால் ஒன்று

வெளியே பழமை பிடித்த இந்த வீடு உள்ளே காலத்தோடு ஓடுகிறது. முன்கூடத்தைக் கடந்தால் மாடிப்படிக் கூடம். அகலமான படிகள், மகோகனி மரத்தில் கடைந்து செதுக்கிய கனமான கம்பங்கள், அவற்றின் மேல் வழுக்கிச் செல்லும் கைப்பிடி. செதுக்கியவர் இக்னேஷியஸ் மெக்டோனா என்ற தச்சர். கம்பங்களின் அளவும் செதுக்கலின் துணிச்சலும் டப்ளினின் மற்ற மாடிப்படிகளை மெலிவாகக் காட்டிவிடும். மகோகனி அன்று கரீபியன் காடுகளிலிருந்து, அடிமைப்படுத்தப்பட்ட மக்களின் உழைப்பில் வெட்டப்பட்டு வந்த மரம். அழகின் பின்னால் இருக்கும் அந்தக் கணக்கையும் சேர்த்தே இந்தப் படியைப் பார்க்க வேண்டும்.

மாடிப்படிச் சுவர்களில் சுதை வேலை செய்தவர் ஜேம்ஸ் மெக்கல்லா. இலையும் கொடியும் சுருளும் சுவரிலிருந்து புடைத்து வெளியே வருகின்றன. ரொக்கோகோ எனப்படும் இந்தப் பாணியில் கலைஞர் ஈரமான காரையைச் சுவரிலேயே வைத்து, கையாலும் சிறு கருவிகளாலும் உருவம் கொடுப்பார். சுண்ணாம்புக் காரை இறுகுவதற்குள் வேலை முடிய வேண்டும். ஒரு இலை போல இன்னொரு இலை இருக்காது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் விரலின் வேகம் தெரியும்.

மாடியேறி வரவேற்பறைகளுக்குள் நுழைந்தால் உலகமே மாறுகிறது. அங்கே கூரையில் வட்டங்கள், நீள்வட்டங்கள், விசிறி மடிப்புகள், மெல்லிய மாலைகள். எல்லாம் அளந்து வைத்தாற்போல. செய்தவர் மைக்கேல் ஸ்டேபிள்டன். பின்னாளில் பெல்வெடியர் மாளிகையை அலங்கரித்து, டப்ளின் சுதைக் கலைஞர்களில் முதன்மையானவர் என்று பெயரெடுக்கப் போகும் அவருக்கு இது ஆரம்பகால வேலை. இங்கிலாந்தில் ராபர்ட் ஆடம் பரப்பிய புதுச் செவ்வியல் பாணியை அவர் கையாண்டார். இதில் பல உறுப்புகளை அச்சில் வார்த்து, காய்ந்த பின் கூரையில் பதிப்பார்கள். திட்டம் முதலில் தாளில் வரையப்படும். ஸ்டேபிள்டனிடமிருந்த வரைபடத் தொகுப்பு இன்றும் அயர்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கிறது.

ஒரே வீட்டில், சில ஆண்டு இடைவெளிக்குள், மூன்று ரசனைகள்: வாசலில் பல்லாடியோ, படியில் ரொக்கோகோ, மாடியில் புதுச் செவ்வியல். கட்டடக்கலை மாணவர் ஒருவர் தெருவிலிருந்து முதல் மாடிவரை நடந்தாலே 18ஆம் நூற்றாண்டு டப்ளின் ரசனை எப்படி மாறியது என்பதைப் படித்துவிடலாம். இந்த வீட்டின் தனிச் சிறப்பாக நான் கருதுவது இதைத்தான்.

1788இல் விங்ஃபீல்ட் இறந்தபோது அவர் உடல் இந்த வீட்டிலேயே இரண்டு நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஊர் மக்களுக்கு அந்த வாசல் திறந்தது அப்போதுதான். அடுத்த தலைமுறையில் எல்லாம் மாறியது.

பிரபுக்கள் போனார்கள், முத்திரை வந்தது

1801 ஜனவரி 1 முதல் அயர்லாந்து, பிரிட்டனுடன் சட்டப்படி இணைக்கப்பட்டது. டப்ளின் நாடாளுமன்றம் கலைந்தது. 300 பேர் அமர்ந்திருந்த கீழவைக்குப் பதிலாக 100 பேர் லண்டனுக்குப் போனார்கள். மேலவைக்கு 28 பிரபுக்களும் 4 பேராயர்களும் போதும் என்றானது. அரசியல் லண்டனுக்குப் போனதும் விருந்தும் பின்னாலேயே போனது. டப்ளின் மாளிகைகளுக்கு இருந்த காரணமே இல்லாமல் போனது. நாடாளுமன்றக் கட்டடமே அயர்லாந்து வங்கிக்கு விற்கப்பட்டது.

பவர்ஸ்கோர்ட் குடும்பம் 1807இல் வீட்டை அரசாங்கத்துக்கு விற்றது. விலை 15,000 பவுன். வாங்கியது முத்திரைத் தீர்வைத் துறை. பத்திரம், ஒப்பந்தம், செய்தித்தாள் என்று அரசு முத்திரை பெற வேண்டிய தாள்களெல்லாம் புழங்கும் அலுவலகம் அது. இன்றும் பத்திரப்பதிவுக்கு முத்திரைத்தாள் வாங்கும் நமக்கு இந்த நிர்வாகம் அந்நியமானதல்ல. அதே பிரிட்டிஷ் ஆட்சி நம் நாட்டிலும் விட்டுச்சென்ற வழக்கம் அது.

அலுவலகத்துக்கு இடம் போதவில்லை. வேலை ஃபிரான்சிஸ் ஜான்ஸ்டனிடம் வந்தது. நாடாளுமன்றக் கட்டடத்தை வங்கியாக மாற்றியவரும், பின்னால் டப்ளினின் தலைமைத் தபால் நிலையத்தை வடித்தவரும் அவரே. பிரபுவின் அறைகளைக் குடைந்து சிறு அறைகளாக்குவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. வீட்டின் பின்னால் இருந்த திறந்தவெளியில் கிழக்கு, வடக்கு, தெற்கு என மூன்று பக்கமும் செங்கல் கட்டடங்களை எழுப்பினார். பழைய மாளிகை நான்காவது பக்கமானது. நடுவே ஒரு முற்றம் உருவானது. பின்பக்கம் கிளாரெண்டன் தெருவுக்கு ஒரு வாசலும், அதன்மேல் மணிக்கூண்டும் வைத்தார்.

அந்தச் செங்கல் கட்டடங்களில் அலங்காரம் கிடையாது. வரிசையாக ஜன்னல்கள், அளவான அறைகள், அவ்வளவுதான். மாளிகையின் எழிலை மட்டும் தேடுகிறவர்கள் இவற்றைப் பொருட்படுத்தமாட்டார்கள். ஆனால் என் பார்வையில் பவர்ஸ்கோர்ட்டைக் காப்பாற்றிய முதல் ஆள் ஜான்ஸ்டன். சுதை வேலைப்பாடுள்ள அறைகளின்மேல் விழுந்திருக்க வேண்டிய பாரத்தை அவர் பின்கட்டுக்கு மாற்றினார். இன்றைய கடைகளின் பிழைப்பும் அவர் கட்டிய அந்த அறைகளை நம்பித்தான் நடக்கிறது.

துணி மூட்டைகளுக்கு நடுவே

1832இல் அரசாங்கம் இடத்தை விற்றது. வாங்கியது ஃபெரியர் போலக் என்ற துணி மொத்த வியாபார நிறுவனம். 1970களின் இறுதிவரை, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு, இந்தக் கட்டடம் துணிக் கிடங்காக இருந்தது. பிரபு குடும்பம் குடியிருந்ததைவிட நான்கு மடங்குக்கும் அதிகமான காலம் அது. வேலை பார்த்தவர்களில் பலர் ஆயுள் முழுதும் இங்கேயே பார்த்தவர்கள். ஸ்டேபிள்டனின் கூரைக்குக் கீழே துணிச்சுருள்கள் அடுக்கப்பட்டன. மெக்டோனாவின் கைப்பிடியைப் பிடித்துக் கணக்கர்கள் ஏறி இறங்கினார்கள்.

கிடங்கு என்றால் சேதம் என்று நினைக்கத் தோன்றும். துணி வியாபாரத்துக்குத் தேவையானவை காய்ந்த தளமும் ஒழுகாத கூரையும். ஈரம் இறங்கினால் முதலில் கெடுவது சரக்கு. ஆகவே கூரையைப் பார்த்துக்கொள்வது வியாபாரியின் சொந்த நலன். சுதை வேலைக்கும் முதல் எதிரி ஈரம்தான். துணிக்காகக் காத்த கூரை கலையையும் காத்தது.

இதே காலத்தில் மற்ற மாளிகைகளுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இதன் அருமை புரியும். நகரின் வடபகுதியில் ஹென்ரியட்டா தெரு, ஒரு காலத்தில் பிரபுக்களும் பேராயர்களும் வாழ்ந்த இடம். அங்கே 14ஆம் எண் வீட்டை 19ஆம் நூற்றாண்டில் வாங்கிய உரிமையாளர், 1877இல் பெரிய மாடிப்படியைப் பெயர்த்தெடுத்துவிட்டு வீட்டை 17 ஒண்டிக்குடித்தனங்களாகப் பிரித்தார். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அந்த ஒரே வீட்டில் 100 பேர் இருந்தார்கள். ஏழைகளுக்குத் தலைக்குமேல் ஒரு கூரை வேண்டியிருந்தது. அந்தக் கூரையைப் பழுதுபார்க்கும் பொறுப்பை ஏற்க வீட்டுக்காரர்கள் பலர் தயாராக இல்லை. 1913 செப்டம்பரில் சர்ச் தெருவில் குடித்தன வீடுகள் இடிந்து 7 பேர் இறந்தார்கள்.

இடிக்கும் காலம்

1963 ஜூனில் மீண்டும் இரு இடங்களில் பழைய வீடுகள் சரிந்து உயிர்கள் போயின. பயந்த நகராட்சி வேகவேகமாக வீடுகளை இடித்தது. நிஜமாகவே ஆபத்தானவற்றோடு, செப்பனிட்டால் நின்றிருக்கக்கூடியவையும் போயின. அதே பத்தாண்டில் அரசு மின்சார நிறுவனம் தன் அலுவலகத்துக்காக லோயர் ஃபிட்ஸ்வில்லியம் தெருவில் ஜார்ஜ் மன்னர்கள் காலத்து (ஜார்ஜியன்) வீடுகள் 16ஐ இடித்தது. நீண்டு ஓடிய ஓர் அழகான வீதியின் வரிசை நடுவில் அறுந்தது.

தடுக்க ஆளில்லாமல் இல்லை. 1958இல் டெஸ்மண்ட் கின்னஸும் மரீகா கின்னஸும் ஐரிஷ் ஜார்ஜியன் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் அன்று பலர் மனத்தில் இந்த வீடுகள் அந்நிய ஆட்சியின் மிச்சம். விடுதலை பெற்ற நாடு அவற்றை ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வி சாதாரணமாக எழுந்தது. அதற்குக் காலம் தந்த பதில்: கட்டச் சொன்னவர் பிரபு; கட்டியது டப்ளின் கல்தச்சரும் மரத்தச்சரும் சுதைக்காரரும். அவர்களின் கையெழுத்தாக மிஞ்சியிருப்பது இந்த வீடுகள்தான்.

1978இல் வுட் கீ என்னுமிடத்தில் வைக்கிங் காலக் குடியிருப்பின் மேல் நகராட்சி அலுவலகம் கட்டுவதை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். அலுவலகம் கட்டப்பட்டே விட்டது. ஆனாலும் பழைய நகரத்தின்மேல் மக்களுக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் அந்த ஊர்வலத்தில் வேர்விட்டது. பவர்ஸ்கோர்ட்டை விட்டுத் துணி வியாபாரம் வெளியேறியது அந்தச் சூழலில்தான்.

முற்றத்துக்கு ஒரு கூரை

பவர் செக்யூரிட்டீஸ் நிறுவனம் கட்டடத்தை வாங்கியது. கட்டடக்கலைஞர் ஜேம்ஸ் டூமி. திட்டத்தின் உயிர்நாடியை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஜான்ஸ்டனின் முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போடுவது.

அந்த ஒரு முடிவு பல சிக்கல்களை அவிழ்த்தது. மழை அதிகமுள்ள ஊரில் திறந்த முற்றம் கடைகளுக்கு உதவாது. கண்ணாடி வந்ததும் அதுவே எல்லாரும் கூடும் நடுக்கூடமானது. சுற்றியிருந்த அலுவலக அறைகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு கடைக்கு ஏற்ற அளவு. அவற்றுக்குப் போக முற்றத்தின் ஓரமாக மாடி நடைகளும் படிகளும் அமைந்தன. ஆகவே புதிய கட்டுமானத்தின் பெரும்பகுதி முற்றத்திலேயே நின்றது. மாளிகையின் அறைகள் தப்பின. கீழ்த்தளத்தில் உணவகம், மேலே சுற்றிலும் கடைகள், அதற்கும் மேலே வானம்.

1981இல் திறப்பு. அதே ஆண்டில் டப்ளினின் வடபகுதியில் ஐலாக் சென்டர் என்ற பெரிய வணிக வளாகமும் திறந்தது. அது பழைய சந்தைத் தெருக்களை வழித்தெடுத்த இடத்தில் எழுந்தது. ஒரே ஊர், ஒரே ஆண்டு, ஒரே தொழில், வழிகள் இரண்டு. பழைய கட்டடத்தில் வியாபாரம் நடக்காது என்று வாதிடுகிறவர்களுக்கு 40 ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும் பவர்ஸ்கோர்ட்டின் கடைகளே பதில்.

இன்று இரண்டு வழிகளில் உள்ளே போகலாம். கிளாரெண்டன் தெரு வாசலில் நுழைந்தால் நேரே முற்றத்துக்குள் இறங்குவீர்கள். முதலில் தெரிவது கடைகள். சவுத் வில்லியம் தெருப் படிகளில் ஏறினால் முன்கூடம், மாடிப்படி, பிறகு முற்றம் என்று 1774இலிருந்து நம் காலத்துக்கு நடந்து வருவீர்கள். முதல்முறை போகிறவர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இழந்ததும் உண்டு

எல்லாம் தப்பியது என்று சொல்ல முடியாது. பிரபு காலத்துத் தட்டுமுட்டுகளும் லாயமும் சமையல்கட்டின் வாழ்க்கையும் போய்விட்டன. ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு விருந்தாளி நகர்ந்த ஒழுங்கு, கடைகளின் கதவுகளுக்கிடையே துண்டாகிவிட்டது. விளம்பரப் பலகை, விளக்கு, அலமாரி ஒவ்வொன்றும் வரும்போது பழைய சுவரோடு ஒரு பேச்சுவார்த்தை நடத்தியாக வேண்டும். ஒவ்வொரு வாடகைதாரர் மாறும்போதும் ஓர் ஆணி தவறான இடத்தில் இறங்கும் அபாயம் உண்டு. அயர்லாந்தின் 2000ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டம், காக்கப்பட வேண்டிய கட்டடங்களின் உட்புறத்துக்கும் பாதுகாப்பு தருகிறது. ஆனாலும் அன்றாடக் கண்காணிப்பு இல்லையென்றால் சட்டம் தாளோடு நின்றுவிடும்.

அருங்காட்சியகம் ஆக்கியிருக்கலாமே என்று கேட்கலாம். ஹென்ரியட்டா தெரு 14ஆம் எண் வீடு 2018இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. குடித்தனக்காரர்களின் வாழ்க்கையைச் சொல்ல அதுவே சரியான முடிவு. எல்லா மாளிகையையும் அப்படி வைத்துக்கொள்ள எந்த நகராட்சியிடமும் பணமில்லை. கடை என்றால் சீட்டு வாங்க வேண்டாம். கையில் காசில்லாதவரும் உள்ளே போய் ஸ்டேபிள்டனின் கூரையை அண்ணாந்து பார்க்கலாம். பிரபு இருந்த காலத்தில் அழைப்பில்லாமல் நுழைய முடியாத மாடிப்படியில் இன்று யாரும் ஏறலாம். இதைவிடப் பெரிய ஜனநாயகம் ஒரு கட்டடத்துக்கு என்ன வேண்டும்?

விங்ஃபீல்ட் குடும்பத்தின் இன்னொரு வீட்டின் கதையும் இதையே சொல்கிறது. என்னிஸ்கெரி மாளிகை 1974இல் தீப்பிடித்து உட்புறம் முழுதும் எரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கூரையில்லாமல் வெறும் சுவராக நின்றது. 1996இல் மீண்டும் கூரை போட்டுத் திறந்தபோது அதற்கும் உயிர் கொடுத்தவை கடைகளும் உணவகமும்தான்.

பவர்ஸ்கோர்ட் சொல்லும் முறை தெளிவானது. பழைய கட்டடத்தில் எது கைவேலையோ அதைத் தொடாதீர்கள். எது சாதாரண அறையோ அதைச் சம்பாதிக்க விடுங்கள். புதிதாகச் சேர்ப்பதைத் திறந்தவெளியில் சேருங்கள். கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1807க்குப் பின் ஜான்ஸ்டனும், 1981இல் டூமியும் செய்தது அதைத்தான். இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டில் துணி வியாபாரிகள் செய்ததும் அதைத்தான்.

உங்கள் ஊரிலும் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டலாம் என்று யாரேனும் திட்டத்தோடு வந்தால், கையெழுத்திடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வீட்டிலேயே கடை வைத்தால் என்ன?